அம்மா வந்தபிறகு கடிக்கத் தொடங்கிய பிள்ளை: மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நாலு வயதும் ஐந்து மாதமுமான ஆண் பிள்ளை. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். கூடி விளையாட வருவதில்லை, ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு வருடத்துக்கு மேலாகப் படுக்கையை நனைக்காதவன் திரும்பவும் நனைக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த தாயை அவன் கணக்கெடுப்பதே இல்லை. முன்பள்ளி ஆசிரியை சொன்னது இவ்வளவும். கடைசியில், "ஓட்டிசமா இருக்குமோ மிஸ்?" ஓட்டிசம் (ஆட்டிசம்) என்பது மற்றவரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வித்தியாசம் காட்டும் வளர்ச்சி நிலை. இப்போதெல்லாம் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு பிள்ளையும் என்னிடம் வருவதில்லை.

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளையை இதில் தம்பி என்றே சொல்கிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: தம்பியின் உணர்ச்சி வளர்ச்சி பழுதாகவில்லை. அது சரியாக வேலை செய்ததால்தான் அவன் அப்படி நடந்துகொண்டான். பெரியவர்கள் அவனிடம் எதிர்பார்த்ததுதான் அந்த வயதுக்கு நடக்காத காரியம்.

வீடும் வளவும்

மட்டக்களப்புப் பக்கம் வீடு வளவு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பது ஊர்க்காரருக்குத் தெரிந்த விஷயம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அது முக்கியம். தம்பி பிறந்ததே அம்மம்மாவின் வளவில்தான். தாயும் அம்மம்மாவும் ஒரே குசினியில் சமைத்தார்கள், தாய் குளிக்கப் போனாலோ கடைக்குப் போனாலோ பிள்ளை அம்மம்மாவின் இடுப்பில். தகப்பன் மேசன். கொழும்புப் பக்கம் வேலை கிடைத்தால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் வருவார். நுண்கடன் ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து, நகையும் அடகில் போய், கடைசியில் தாய் வீட்டு வேலைக்குக் குவைத் போனார். அப்போது தம்பிக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும்.

2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை (வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டு நிலையை விசாரித்து எழுதுவது) நடைமுறையில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றிருந்தது. 2022இல், நாடே காசில்லாமல் தவித்த நேரத்தில், அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தம்பியின் தாய் இந்தப் புதிய கணக்கில் போனவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது, அந்த வருடம் அரிசிச் சாக்கின் விலை தெரிந்த யாருக்கும் வராது. ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு வயது என்பது பிரிவைத் தாங்க லேசான வயதே இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு வயதுக்குள் நடந்திருந்தவை

தம்பியின் கிளினிக் கொப்பியில் நிறை, உயரம், தடுப்பூசி எல்லாம் ஒழுங்காக இருந்தன. உணர்ச்சி வளர்ச்சியின் கதையைச் சொன்னது அம்மம்மா. ஆறு கிழமையில் முகம் பார்த்துச் சிரித்தானாம். அது சரியான நேரம், ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட கிழமைகளில்தான் பிள்ளைகள் ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறார்கள். "எட்டு மாசத்தில மிஸ்ஸி (கிளினிக்கில் நிறை பார்ப்பவர்) நிறுக்கத் தூக்கினா வீரிட்டுக் கத்துவான் புள்ள, அதுக்கு முந்தி ஆருட்டயும் போவான்." இதைச் சொல்லும்போது அவருக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் இருந்தது, பிள்ளை பழக்கமில்லாதவன் என்று நினைத்துவிடுவேனோ என்று. உண்மையில் அது நல்ல செய்தி. தன் ஆள் யார், வேற்று ஆள் யார் என்று மனதுக்குள் பிரித்துக்கொண்ட பிள்ளைதான் வேற்று முகத்தைக் கண்டு கத்தும்.

ஒரு வயதளவில் கண்ணகி அம்மன் சடங்கில் பறை முழங்கியபோது பயந்துபோய்த் தாயின் முகத்தைப் பார்த்தானாம். தாய் சிரிக்கவும் அவனும் அடங்கினான். இதுவும் அந்த வயதுக்குரியதுதான். புதிதாக ஒன்றைக் கண்டால், பயப்பட வேண்டுமா வேண்டாமா என்பதைத் தன் ஆளின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது. ஒன்றரை வயது தாண்டக் கண்ணாடியில் தெரிவது தான் என்று தெரிகிறது, கூச்சமும் பெருமையும் வெட்கமும் வருகின்றன, "வேணாம்", "நான்தான்" என்ற சொற்கள் வருகின்றன. உளவியலாளர் எரிக் எரிக்சன் முதல் ஒன்றரை வருடத்தை நம்பிக்கை உண்டாகும் காலம் என்றும், அதற்குப் பிறகு மூன்று வயது வரைக்குமானதைத் தன்னிச்சையா வெட்கமா என்று தடுமாறும் காலம் என்றும் பிரித்தார். தம்பி முதலாவதை நன்றாக முடித்திருந்தான். இரண்டாவதின் நடுவில் நின்று எல்லாவற்றுக்கும் "வேணாம்" சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தாய் போனார். பிணைப்பு இறுகிவிட்டது, ஆனால் "இரண்டு வருடத்தில் வருவேன்" என்பதை விளங்கிக்கொள்ளப் பாஷையும் இல்லை, காலக் கணக்கும் இல்லை. பிரிவுக்கு இதைவிடக் கடினமான வயது கிடையாது என்றே நினைக்கிறேன்.

அம்மம்மா சொன்ன அடுத்த பகுதியை, 1940களின் கடைசியிலிருந்து லண்டன் ஆஸ்பத்திரிகளில் ஜேம்ஸ் ராபர்ட்சன் பார்த்து எழுதியவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாயைப் பார்க்க விடாமல் வார்டில் வைத்திருந்த சின்னப் பிள்ளைகள் முதலில் கத்திக் கேட்டார்கள், பிறகு ஒடுங்கிப்போனார்கள், அதற்குப் பிறகு பழகிவிட்டவர்கள்போல இருந்தார்கள். மனநல மருத்துவர் ஜோன் போல்பியும் ராபர்ட்சனும் இவற்றை எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல் என்று பெயரிட்டார்கள். தம்பி முதலில் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம், ஓட்டோச் சத்தம் கேட்டால் ஓடுவானாம். பிறகு சாப்பாடு குறைந்தது, சத்தமும் குறைந்தது. மறுகா "நல்லாப் பழகிட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரில் நாம் நிம்மதிப்படும் கட்டம் இதுதான். கவனமாக இருக்க வேண்டிய கட்டமும் இதுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வார்டுப் பிள்ளைகளுக்கு அம்மம்மா இல்லை. ருடொல்ஃப் ஷாஃபரும் பெகி எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 1964இல் வெளியிட்டதில் முக்கியமானது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பிணைந்திருந்தார்கள் என்பது. ராபர்ட்சனும் அவர் மனைவியும் பிற்காலத்தில் தாயைப் பிரிந்த சின்னப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தபோது, அன்பான ஓர் ஆள் நிரந்தரமாகக் கூட இருந்தால் அதே பிரிவு அவ்வளவு உடைத்துவிடுவதில்லை என்று கண்டார்கள். தம்பிக்கு அந்த ஆள் வளவுக்குள்ளேயே இருந்தார். தாய் போனதால் அவன் ஒருவரை இழந்தான், எல்லோரையும் அல்ல.

போனுக்குள் இருந்த அம்மா

இரவில் ஐமோ என்ற வீடியோ கோல் செயலியில் பேசுவார்கள். பதிலுக்குப் பேசும் முகம் என்பதால் வீடியோ கோல் நல்லதுதான், இல்லாததை விட எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பக்கம் சிக்னல் அடிக்கடி தடக்கும். அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிடும். தம்பி போனைத் தட்டுவானாம், "அம்மா அம்மா" என்பானாம், பிறகு எறிந்துவிட்டுப் போய்விடுவானாம். எட்வர்ட் ட்ரோனிக் 1978இல் வெளியிட்ட பரிசோதனையில், தாய்மார் கொஞ்ச நேரம் முகத்தை அசைக்காமல் வைத்திருக்க, குழந்தைகள் செய்தது ஏறக்குறைய இதைத்தான். சிரித்தும் கையசைத்தும் தாயைத் திரும்ப இழுக்கப் பார்த்தார்கள், முடியாமல்போக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவை சில மாதக் குழந்தைகள், இவன் பெரியவன், இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் அம்மம்மா சொன்னபோது எனக்கு அது நினைவுக்கு வராமல் இல்லை.

தாய் வந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போனார்கள், தம்பி தூங்கிவிட்டான், கண் விழித்தபோது ஒரு பெண் அவனை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அவன் கத்திக்கொண்டு அம்மம்மாவிடம் தாவினான். வீட்டில் குவைத் காசில் கட்டிய புது அறை இருந்தது, தரைக்கு மாபிள் போட்டது. முதல் இரவே பிள்ளையை அங்கே படுக்க வைக்க வேண்டும் என்பது தாயின் ஆசை. இரண்டு வருடமாக அவர் கண்ட கனவே அதுதானாம். தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து படுக்கை நனைந்தது.

தாயே என்னிடம் சொன்ன ஒரு சம்பவம். பற்றறிக் கார் உடைந்ததற்கு அவர் ஏச, தம்பி எழும்பிப்போய் அம்மம்மாவின் போனை எடுத்து வந்து நீட்டியிருக்கிறான்: "அம்மாக்கு கோல் எடுங்க." தாய் இரண்டடி தள்ளிப் படியில் இருக்கிறார். வேறெதைச் சொன்னபோதும் அழாத அந்தப் பெண் இதைச் சொல்லி அழுதார். சின்னம்மா ஒருத்தர், உதவி என்று நினைத்துக்கொண்டு, "குழப்படி செய்தா அம்மா திரும்பவும் வெளிநாட்டுக்குப் போயிருவா" என்று வெருட்டத் தொடங்கியிருந்தார். நாலு வயது என்பது தன் செயலால்தான் எல்லாம் நடக்கிறது என்று நம்பும் வயது. எரிக்சன் அதைத் தானாக முன்வருவதற்கும் குற்றவுணர்ச்சிக்கும் இடையிலான காலம் என்றார். அந்த வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொன்னால், முதல்தரம் அம்மா போனதும் தன்னால்தான் என்று அவன் கணக்குப் போட்டுக்கொள்வான். என் வேலையில் ஒரே ஒரு வசனத்தைத் தடை செய்யலாம் என்றால் இதைத்தான் தடை செய்வேன்.

ஓட்டிசமா?

இல்லை என்று பார்த்த உடனே சொல்லவில்லை. கேட்டல் பரிசோதனைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், காதில் பிழை இல்லை. வீட்டில் அவனோடு முற்றத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு தென்னம்மட்டையை வைத்து லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓட்டினான், வாயால் அதன் சத்தம், வரம்பு வந்ததும் கையைத் தூக்கிச் சாய்த்தான், பெட்டியில் நெல்லு என்று மண்ணைக் காட்டினான், காட்டிவிட்டு நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தான். அந்தக் கடைசிப் பார்வைதான் எனக்கு வேண்டியிருந்தது. தான் பார்ப்பதை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்று விரும்புவது, கற்பனையாக விளையாடுவது, கண்ணுக்குக் கண் பார்ப்பது, நோவென்றால் ஆளைத் தேடிப்போவது, எல்லாம் இருந்தன. நோவு வந்தால் அம்மம்மாவிடம்தான் போகிறான், அவ்வளவுதான் விஷயம். பிணைப்புக் கோளாறு என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். அது எந்தப் பெரியவரிடமும் ஆறுதல் தேடாத பிள்ளைகளுக்குச் சொல்வது. அம்மம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரை ஒட்டுவது அநியாயம்.

முன்பள்ளியில் அவன் நின்று பார்ப்பதை ஆசிரியை ஒரு குறையாகச் சொன்னார். மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டைப் பிரித்தபோது, நின்று பார்ப்பதையும் ஒரு வகையாகவே எழுதினார். தனியே விளையாடுவது, பக்கத்தில் இருந்து தன்பாட்டில் விளையாடுவது, கொடுத்து வாங்கி விளையாடுவது, ஒரு திட்டத்தோடு கூடி விளையாடுவது எல்லாம் மற்றவற்றில் சில. இவை வயதுப்படி ஏறும் படிகள் அல்ல என்று பிற்காலத்தில் வந்தவர்கள் திருத்தினார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் தனியே விளையாடும், அதில் தப்பில்லை. தம்பியைக் கவனித்தால் அவன் சும்மா பார்க்கவில்லை, ஊஞ்சலுக்கு யாருடைய முறை என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே நுழையத்தான் தெரியவில்லை. நுழையப் பார்த்துத் தள்ளுப்பட்டால் கடித்தான். கடிப்பதும் அடிப்பதும் இரண்டு மூன்று வயதில்தான் அதிகம், பேச்சு வரவரக் குறையும். நாலரை வயதில் கடித்தால் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று சொல்லில் வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

அது என்ன என்பதுதான் இந்த ஆய்வின் மையம். அவனுக்குத் தாய்மேல் கோபம், தாய் வேண்டும் என்ற ஆசை, இரண்டும் இருந்தன. சூசன் ஹார்ட்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களில் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்ததில், நாலு ஐந்து வயதுக்காரர்கள் ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி இருக்கவே முடியாது என்றார்கள். ஒரே ஆள்மேல் எதிரெதிரான இரண்டு இருக்கலாம் என்பதைப் பத்துப் பதினொரு வயதளவில்தான் பிள்ளைகள் தாங்களாகச் சொன்னார்கள். அப்படியென்றால் தம்பி என்ன செய்வான்? கோபத்துக்கு ஒரு அம்மா, ஆசைக்கு ஒரு அம்மா என்று பிரித்துக்கொண்டான். படியில் இருப்பவர் ஏசுகிறவர். போனுக்குள் இருப்பவர் வேண்டியவர்.

செய்தவை

அம்மம்மாவைக் கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளை தாயோடு ஒட்டிவிடும் என்று வீட்டில் ஒரு யோசனை இருந்தது. அதைத்தான் முதலில் நிற்பாட்டினோம். இன்னொரு பிரிவைக் கொடுத்துப் பிணைப்பை உண்டாக்க முடியாது. தாய் அம்மம்மாவுக்குப் பதிலாக அல்ல, அம்மம்மாவின் வழியாகத்தான் வர வேண்டும்.

புது அறை பூட்டிக் கிடக்கட்டும் என்றேன். பாய் பழைய இடத்தில், அம்மம்மா ஒரு பக்கம், பிள்ளை நடுவில், தாய் மறுபக்கம். பகலில் ஒரே ஒரு வேலையைத் தாய் முழுதாக எடுப்பது என்று முடிவானது, கிணற்றடிக் குளிப்பு. அவனுக்குத் தண்ணீர் என்றால் பிரியம் என்பதால். முதலில் அம்மம்மா கிணற்றுக்கட்டிலேயே இருந்தார், பிறகு குசினி வாசலில், பிறகு குரல் மட்டும் கேட்கும் தூரத்தில். இதற்கு அவசரப்படக் கூடாது, அம்மம்மா பின்வாங்கும் நாளைப் பிள்ளையின் முகம் சொல்லும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் தாய் அவனோடு விளையாட வேண்டும், அவன் சொல்வதுதான் சட்டம், கேள்வி கேட்பதில்லை, எழுத்துப் படிப்பிப்பதில்லை என்றும் சொன்னேன். தாய்க்கு இது பிடிக்கவில்லை. "எழுத்தெண்டாலும் சொல்லிக் குடுத்தா பிரயோசனம் மிஸ், சும்மா மண்ணுக்குள்ள இரிந்து என்ன செய்ய?" அப்போதுதான் அவர் குவைத் வீட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு பெண் பிள்ளையைத் தம்பியின் வயதிலிருந்து வளர்த்தவர். "அந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு முகத்தப் பாத்தே சொல்லுவன். இவன்ட முகம் எனக்கு விளங்குதில்ல." அன்பு குறைந்ததால் அல்ல, நாட்கள் குறைந்ததால் என்றேன். அந்தப் பிள்ளையோடு நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். முதலில் பக்கத்தில் சும்மா இருந்தேன் என்றார். அதையேதான் இங்கேயும் செய்யச் சொல்கிறேன் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது.

வெருட்டு வசனத்தைச் சின்னம்மா உட்பட எல்லோரும் விட்டார்கள். அதற்குப் பதிலாகத் தாய் அவனிடம் நேரே சொன்னார்: அம்மா காசு உழைக்கப் போனேன், நீ குழப்படி செய்ததால் போகவில்லை, உனக்கு அம்மாமேல் கோபம் வந்தது சரி, கோபம் இருக்கும்போதும் நான் உன் அம்மாதான். பிள்ளையால் இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க முடியாதபோது பெரியவர்தான் அதை வாயால் சொல்லி வைத்திருக்க வேண்டும். இடையில் கோயிலில் நூலும் கட்டினார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நூல் கட்டி முடியும்வரை தம்பி இருந்தது தாயின் மடியில், அது போதும்.

முன்பள்ளியில் மாற்றியது சின்ன விஷயங்கள். பிள்ளைக்குப் பிராக்குக் காட்டிவிட்டுக் களவாகப் போகும் பழக்கத்தை நிற்பாட்டி, தாயோ அம்மம்மாவோ சொல்லிவிட்டுத்தான் போவது, அழுதாலும் பரவாயில்லை. பையில் அம்மம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று. இப்படியான துணிகளையும் பொம்மைகளையும் பற்றி பிள்ளை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகொட் 1950களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார், ஆனாலும் "பெரிய பிள்ளைக்கு என்னத்துக்குத் துணி" என்ற பேச்சு நம் முன்பள்ளிகளில் இன்னும் ஓயவில்லை. கூட்டத்துக்குள் தள்ளிவிடாமல், அவனைவிடக் கொஞ்சம் சின்னப் பிள்ளை ஒன்றோடு மண் விளையாட இடம் கொடுத்தார்கள். கடிக்கப் போகும் நேரத்தில் ஆசிரியை அருகில் இருந்து, "எனக்கும் தா எண்டு சொல்லு" என்று சொல்லைக் கொடுத்தார். பிறகு ஒரு நாள் சோறு கறி ஆக்கி விளையாடிய பெண் பிள்ளைகளுக்கு நெல்லு ஏற்றிக்கொண்டு வர ஒரு லான்ட்மாஸ்டர் தேவைப்பட்டது. இவன்தான் அந்த ஊரில் ஒரே சாரதி. அதுதான் அவன் உள்ளே நுழைந்த வழி, நாங்கள் யாரும் திட்டமிட்டதல்ல.

இப்போது எப்படி

மூன்று நாலு மாதத்தில் கடிப்பது நின்றது. படுக்கை நனைவது குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. ஐந்து வயதுக்கு முன் அதற்காக மருந்துக்கு ஓட வேண்டியதில்லை, ஏசாமல் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். தாய் வந்த புதிதில் கண்டுகொள்ளாதவன் இப்போது தாய் கடைக்குப் போனாலும் அழுகிறான். வீட்டார் இதைப் பின்னடைவு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு சந்தோஷமாக இருந்தது. விலகியிருந்த பிள்ளை திரும்பி ஒட்டும்போது இந்த அழுகையும் பிடிவாதமும் வராமல் போகாது. காய்ச்சல் என்றால் இன்னும் அம்மம்மாதான். அதை மாற்ற நான் முயற்சிக்கவும் இல்லை.

முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நகை இன்னும் மீளவில்லை. தாய் திரும்பவும் போக யோசிக்கிறார். போக வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, அந்தக் கடனை நான் கட்டப்போவதில்லை. பேசி முடிவெடுத்தது இது: தம்பி முதலாம் வகுப்புக்குப் போய் முதல் தவணை முடியும்வரை இல்லை, ஏனென்றால் புதுப் பள்ளிக்கூடமும் புதுப் பிரிவும் ஒன்றாக வரக்கூடாது. போவதானால் தூங்கும்போது போவதில்லை, இரண்டு கிழமைக்கு முன்னரே சொல்வது, கலண்டரில் வரும் நாளைக் காட்டுவது. கோல் ஒரே நேரத்தில், சுருக்கமாக, சிக்னல் தடக்கினால் "லைன் போயிட்டு, அம்மா ஒண்டும் கோபமில்ல" என்று அம்மம்மா உடனே சொல்வது. தகப்பன் ஊருக்குள்ளேயே வேலை பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன், அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.